ஒன்றேகால் விநாடிப் பாட்டு

நமக்கு வெள்ளிக்கிழமை என்றால் படம் ரிலீஸ். என் அக்கா மகனுக்கு ஆல்பம் ரிலீஸ். முன்பெல்லாம் புது ஆல்பம் வெளியாகும் கிழமை நாட்டுக்கு நாடு மாறும். இசை நிறுவனங்கள் கூடிப் பேசி, 2015 ஜூலை முதல் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தன. அந்த முடிவின் பலனாக வாரம் தவறாமல் வெள்ளி காலை பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு செய்தி வருகிறது: “மாமா, இதக் கேளுங்க.”

அவன் அனுப்புவது சினிமாப் பாட்டு இல்லை. மெட்டல், ஹார்ட்கோர் பங்க். அதிலும் பெரிய கம்பெனிகளை நம்பாமல் சின்னச் சின்ன லேபிள்களில் வளர்ந்த குழுக்கள். அவன் பாஷையில் ‘அண்டர்கிரவுண்ட்’. முதல் மாதம் முழுவதும் என் பதில் ஒன்றுதான்: “டேய், இது பாட்டா, லாரி மேட்டுல ஏறுதா?” அவன் கோபப்படவில்லை. “வால்யூமைக் குறைக்காம முழுசா ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க மாமா” என்றான்.

‘முழுசா’ என்ற சொல் என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது. எண்பதுகளின் கடைசியில் நான் திருச்சியில் படித்தபோது, தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுப் பட்டியலை நோட்டுத்தாளில் எழுதி, ஒரு 60 கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறு பாட்டு ஏறும், ஏழாவது இடிக்கும். எங்கள் தெருமுனைக் கடைக்காரருக்கு மிச்ச டேப்பை வீணாக்க மனம் வராது. ஏழாவது பாட்டின் பல்லவியும் முதல் சரணத்தில் பாதியும் ஏறி, ‘டக்’கென்று நிற்கும். இன்றைக்கும் அப்படிப்பட்ட பாட்டு டீக்கடை ரேடியோவில் ஓடினால், அந்த இடம் வந்ததும் என் காது தானாக நின்றுவிடுகிறது. பாட்டு எங்கே முடிய வேண்டும் என்று முடிவு செய்தவர் இளையராஜா. என் வீட்டில் அதை முடிவு செய்தது டேப்.

அக்கா மகன் சொன்னபடி நான் முதலில் முழுசாகக் கேட்டது, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த ‘நாக்ட் லூஸ்’ குழுவின் மூன்றாவது ஆல்பம். 2024 மே 10-ல் வெளிவந்தது. பத்துப் பாட்டு, மொத்தம் 27 நிமிடம். அன்று காலை கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டுக் கேட்க உட்கார்ந்தேன். மாவு பொங்குவதற்கு முன் ஆல்பம் முடிந்துவிட்டது.

பாடகர் பிரையன் காரிஸின் குரல் கீச்சென்று உச்சத்திலேயே நிற்கிறது. அதற்கு அடியில் இன்னொரு குரல் தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறது. தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நடுவில் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கனத்துப் போய், ஒவ்வோர் அடியாக விழும். இதற்கு ‘பிரேக்டவுன்’ என்று பெயர். பறையில் அடி மாறும்போது ஆடுகிறவர்களின் கால் அந்த நொடியே வேறு வழிக்குப் போகுமே, ஹார்ட்கோர் கூட்டத்துக்கு அது நடக்கும் இடம் இது. பாப்பி என்ற பாடகியோடு சேர்ந்து பாடிய ‘சஃபகேட்’ என்ற பாட்டு, கிராமி விருதின் மெட்டல் பிரிவில் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. அதனால் இவர்களை இனி அண்டர்கிரவுண்ட் என்று சொல்லலாமா என்று ரசிகர்களுக்குள் சண்டை. எந்த ஊர் ரசிகனும் இந்தச் சண்டையை ஒரு தடவையாவது போட்டிருப்பான்.

ஆல்பத்தின் நீளமான பெயருக்கு, ‘போக வேண்டிய நேரம் வருமுன் நீ போக மாட்டாய்’ என்று பொருள். காரிஸுக்கு விமானம் என்றால் பயம். ஒரு பயணத்தில் விமானம் தூக்கிப் போட்டபோது, நடுங்கிக்கொண்டிருந்தவரிடம் பக்கத்து இருக்கைப் பெண்மணி ஆறுதலாகச் சொன்ன வார்த்தை அது. நம் ஊர் பஸ்ஸில் ஒரு பாட்டி சொல்லியிருந்தால், “விதி முடியாம ஒண்ணும் ஆகாது, கண்ணை மூடிக்கோ தம்பி” என்றிருப்பார். இவ்வளவு ஆங்காரமான இசைக்கு இவ்வளவு சாதுவான தலைப்பு என்று தெரிந்த பிறகு, அந்தக் கத்தல் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. மிரட்டுகிறவனின் சத்தம் என்று நினைத்திருந்தேன். பயந்தவனின் சத்தம் அது.

அதே ஆண்டு அக்டோபர் 4-ல் இதற்கு நேர் எதிரான ஒன்று வந்தது. டென்வர் நகரத்து டெத் மெட்டல் குழுவான ‘பிளட் இன்கான்டேஷ’னின் ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’. மொத்த ஆல்பத்துக்கும் இரண்டே பாட்டு. ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தைத் தாண்டும், மூன்று மூன்று பகுதிகளாக. இதைப் பதிவு செய்ய அவர்கள் பெர்லினில் உள்ள ஹன்சா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். எழுபதுகளில் டேவிட் போவி பாடிய இடம், ‘டேன்ஜரின் டிரீம்’ என்ற ஜெர்மானிய எலெக்ட்ரானிக் இசைக்குழு பதிவு செய்த இடம். இன்றைய டேன்ஜரின் டிரீமைச் சேர்ந்த தோர்ஸ்டன் குவெஷ்னிங்கும் இதில் வாசித்திருக்கிறார். இடி முழக்கமாக டிரம்ஸ் போய்க்கொண்டிருக்கும்போதே தரை நழுவி, சிந்தசைசர் மட்டும் மிதக்கும். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம். பிறகு எச்சரிக்கையே இல்லாமல் இடி திரும்பி வரும்.

27 நிமிடத்தில் பத்து, 40 நிமிடத்துக்கு மேல் இரண்டு. என்ன கணக்கு இது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. டிசம்பர் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் போகிறது, துக்கடா மூன்று நிமிடத்தில் முடிகிறது. அங்கே நாம் யாரும் கடிகாரத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதில்லை. அந்த உருப்படிக்கு அவ்வளவு நேரம், அவ்வளவுதான். இவர்களும் அதையே செய்கிறார்கள்.

இந்தப் பிடிவாதத்தின் உச்சத்தைப் பார்க்க இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்குப் போக வேண்டும். அங்கே ‘நேபாம் டெத்’ என்ற குழு 1987-ல் ‘ஸ்கம்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 28 பாட்டு, சுமார் 33 நிமிடம். முதல் பக்கம் 1986-ல், 50 பவுண்டு செலவில் பதிவானது. இரண்டாம் பக்கத்தைப் பதிவு செய்வதற்குள் குழுவே கலைந்து மாறிவிட்டது. இரண்டு பக்கத்திலும் வாசித்தவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். அவர் கை ஓடிய வேகத்துக்கு ‘பிளாஸ்ட் பீட்’ என்ற பெயர் நிலைத்தது. பங்க்கையும் மெட்டலையும் ஒரே உரலில் போட்டு இடித்த அந்த இசைக்கு ‘கிரைண்ட்கோர்’ என்று பெயர் வந்தது. அந்த ஆல்பத்தில் ‘யூ சஃபர்’ என்றொரு பாட்டு. நீளம் 1.316 விநாடி. உலகின் மிகக் குட்டிப் பாட்டு என்று கின்னஸில் ஏறியது. தும்மி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இன்றைய கணக்கில் அதை வைத்துப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே இல்லை என்றும் விதி வந்துவிட்டது. இந்தத் தராசில் ஒன்றேகால் விநாடிப் பாட்டுக்கு எடையே கிடையாது. இருபது நிமிடப் பாட்டும் மூன்று நிமிடப் பாட்டும் ஒரே எடை. அப்படியானால் புத்திசாலி என்ன செய்வான்? முன்னிசையை வெட்டுவான், கொக்கியான வரியை முதல் பத்து விநாடியிலேயே வைப்பான், இரண்டரை நிமிடத்தில் கடையைச் சாத்திவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்குவான். ரீல்ஸுக்கென்று அளந்து தைத்த பாட்டுகள் நம் காதிலும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. என் கடைக்காரரின் 60 கேசட் இப்போது உலகம் முழுவதற்கும் ஒன்றாகிவிட்டது. அந்தக் கேசட்டுக்கு அடங்காமல் பாட்டுப் போடுகிறவர்களில் இந்தச் சத்தக்காரர்களும் உண்டு.

அப்படியென்றால் சோற்றுக்கு? பலருக்குப் பகலில் வேறு வேலை. இந்த உலகத்தில் வெகுகாலமாகக் கைவேலைதான் மூலதனம். 1980-ல் வாஷிங்டனில் ‘டீன் ஐடில்ஸ்’ என்ற பள்ளிப் பையன்களின் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்த்த சுமார் 600 டாலர் கையில் இருந்தது. பங்கு பிரித்துக்கொள்ளாமல் எட்டுப் பாட்டுகள் கொண்ட ஒரு சிறு இசைத்தட்டை ஆயிரம் பிரதி போட்டார்கள். உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ‘டிஸ்கார்ட்’ என்ற லேபிள் அப்படித்தான் பிறந்தது. இன்றும் இருக்கிறது.

இன்றைய குழுக்களுக்குப் பசைக்குப் பதில் ‘பேண்ட்கேம்ப்’. அந்தத் தளத்தில் ஆல்பத்தை விலைக்கு வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது பொதுவாக 15 சதவீதம். கொரோனாவில் கச்சேரிகள் நின்றபோது, 2020 மார்ச் 20-ல், ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அது ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று தொடர்கிறது. அன்றைக்கு மட்டும் என் அக்கா மகனிடமிருந்து ஒரு செய்திக்குப் பதில் ஒன்பது வரும்.

தமிழர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ‘ருத்ரா’ குழுவில் பாடுபவர் கதிரேசன். உபநிடதமும் அத்வைதமும் பேசும் டெத் மெட்டல் அவர்களுடையது, ‘வேதிக் மெட்டல்’ என்று தாங்களே பெயர் வைத்தார்கள். முதல் ஆல்பம் 1998-ல். 2005-ல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் I’ ஒரு மூன்று பாகத் தொகுப்பின் தொடக்கம். சம்ஸ்கிருத சுலோகத்துக்குப் பின்னால் இரட்டை பாஸ் டிரம் உறுமும்போது என் அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “சுலோகம் சரியாத்தான் சொல்றான், ஏன் இவ்வளவு கோபம்?” என்று கேட்டார்.

எனக்கும் புகார்கள் இருக்கின்றன. வாரா வாரம் வரும் ஆல்பங்களில் பாதி, முன்பு வந்தவற்றின் நகல். பல பதிவுகளில் எல்லாக் கருவிகளும் ஒரே உயரத்தில் கத்துகின்றன. கூட்டம் நிறைந்த கல்யாண மண்டபத்தில் பேசுவது போல எதுவும் பிரிந்து கேட்காது. வார்த்தை விளங்குவதேயில்லை. இதைச் சொன்னதும், “நாதஸ்வரத்துல வார்த்தையா கேட்டீங்க?” என்றான் அவன். “அதுக்குப் பின்னாடி எனக்குத் தெரிஞ்ச கீர்த்தனை இருக்குடா” என்றேன். சிறிது யோசித்துவிட்டு, பாடல் வரிகள் அச்சிட்ட தாளைப் படம் பிடித்து அனுப்பினான். கையில் வரியை வைத்துக்கொண்டு கேட்டபோது, பாதிக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதி இன்னும் லாரிதான்.

உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஏதாவது ஓர் ஆல்பத்தை, எந்த இசையாக இருந்தாலும் சரி, முதலிலிருந்து கடைசி வரை, தள்ளிவிடாமல், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். 27 நிமிடம் போதும். பிடித்துப்போனால் காசு கொடுத்து வாங்குங்கள்.

போன மாதம் நான் ஒன்று வாங்கினேன். அதற்கு முன் எந்தெந்தப் பாட்டுக்குக் காசு கொடுத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் அந்தத் திருச்சி ரெக்கார்டிங் சென்டருக்குத்தான். நான் கொடுத்த காசில் பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ ஒரு பைசா போயிருக்காது.