எலின்னா எல்லாம் ஒண்ணா?

"கரட்டுல என்னங்க இருக்கு, எலியும் ஓணானும்தான்." கல்குவாரிக்குப் பரிஞ்சு பேசுறவங்க எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம் இதுதான். போன மாசம் பக்கத்து ஊர்க் கரட்டுக்குக் குத்தகை கேட்டு நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துலயும் இதே வசனம். கையில கொடுத்த அறிக்கையில விலங்குகள்னு ஒரு பக்கம்: அணில், எலி, ஓணான், காக்கா. அதுக்குக் கீழே ஒரு வரி, அரிய உயிரினம் எதுவும் இல்லை.

"எலி"ன்னு ரெண்டு எழுத்து போட்டுட்டா வேலை முடிஞ்சுதா?

நான் விவசாயி. எலிக்கு வக்காலத்து வாங்குற ஆள் இல்லை. நிலக்கடலை காய் பிடிக்கிற நேரத்துல வரப்பெலி பண்ற அநியாயம் எனக்குத் தெரியும். வளைக்குள்ள கதிரைக் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும், தோண்டிப் பார்த்தா வயிறு எரியும். தென்னையில ஏறிக் குரும்பையை ஓட்டை போடுறது இன்னொரு எலி. வெள்ளெலி வேற, பெருச்சாளி வேற, வயல் சுண்டெலி வேற. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுகூட வளையோட வாயைப் பார்த்தே உள்ளே எது இருக்குன்னு சொல்லிடுவாங்க. படிச்சவங்க எழுதுற அறிக்கையில மட்டும் எல்லாம் ஒரே எலி.

சட்டமும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல தீங்குயிரிகளுக்குன்னே ஐந்தாவது அட்டவணை ஒண்ணு உண்டு. காக்கா, பழந்தின்னி வௌவால் இதுகளோட சேர்த்து எலி, சுண்டெலின்னு போட்டு வச்சிருந்தாங்க. எந்த எலின்னு ஒரு வார்த்தை கிடையாது. 2022ல வந்த திருத்தத்துலதான் அந்த அட்டவணையே போச்சு. சட்டம் மாறிடுச்சு, அறிக்கை எழுதுறவங்க பழக்கம் மாறல.

இப்ப பாறைக்கு வருவோம். கிரெம்னோமிஸ்னு ஒரு பேரினம் இருக்கு. கிரேக்கத்துல செங்குத்துப் பாறைக்கும் எலிக்கும் உள்ள சொல்லைச் சேர்த்து வச்ச பேரு. பாறை எலின்னே நாம சொல்லலாம். கட்ச் பகுதியில கிடைச்ச எலியை வச்சு 1912ல ராட்டன் என்பவர் இந்தப் பேரைக் கொடுத்தார். அந்தப் பேரினத்துல எல்விரான்னு இன்னொரு எலி இருக்கு. 1940கள்ல எல்லர்மன் அதைத் தனி இனம்னு விவரிச்சார். எந்த ஊர்ல கிடைச்ச எலி தெரியுமா? சேலத்துக்குப் பக்கத்துல, சேர்வராயன் மலை அடிவாரத்துல இருக்கிற குரும்பப்பட்டி. ஆமாங்க, ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மிருகக்காட்சிசாலை பார்க்கப் போவீங்களே, அதே குரும்பப்பட்டிதான். இந்தியாவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லாத எலி. ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியல்ல கானமயில் இருக்கிற அதே வரிசையில இது இருக்கு. புலியே அதுக்கு ஒரு படி இந்தப் பக்கம்தான். புலிக்குப் பனியன்ல படம் போட்டுப் போராடுறீங்க, சந்தோஷம். இதோட பேரையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

இந்த எலி இருக்கிறது பாறையும் முள்ளுப் புதருமா இருக்கிற வறண்ட காட்டுல. பகல் முழுக்க ஒளிஞ்சு கிடந்து ராத்திரியிலதான் வெளிய வரும். வருவாய்க் கணக்குல அந்த மாதிரி இடத்துக்குப் பேரு தரிசு, இல்லன்னா புறம்போக்கு. யாருக்கும் பயன்படாத நிலம்னு அர்த்தம் பண்ணிக்கிறாங்க.

பக்கத்து ஊர்க் கரட்டுல அந்த எலி இருக்குன்னு நான் சத்தியம் பண்ணல. நான் கேக்குறது வேற. அறிக்கை தயார் பண்ண வந்தவங்க காலையில பத்து மணிக்கு ஜீப்ல வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள திரும்பிட்டாங்க. ராத்திரியில வர்ற பிராணியைப் பகல்ல பார்த்து இல்லைன்னு எழுத எப்படி முடியுது? ஒரு பொறி வச்சாங்களா? ஒரு ராத்திரி தங்கினாங்களா? கூட்டத்துல எந்திரிச்சு இதைக் கேட்டேன். மேடையில இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, "எலிக்காகவா வந்தீங்க?"ன்னார். கூட்டமும் சிரிச்சுது.

சரி, என் சுயநலத்தையே சொல்றேன். கரட்டுப் பாறைப் பொந்துல கொம்பன் ஆந்தை இருக்கு. பொழுது சாய்ஞ்சா இறங்கி எங்க வயல்ல எலி பிடிக்குது. நான் காசு கொடுத்து வாங்கி வைக்கிற துத்தநாகப் பாஸ்பைடு விஷத்தை விட அது நம்பிக்கையான கூலியாள். விஷத்தை ஒருதரம் கடிச்சுப் பிழைச்ச எலி அடுத்த தரம் தொடாது. வெடி வைக்க ஆரம்பிச்சா ஆந்தை இருக்குமா? மழைத் தண்ணி கரட்டுல வழிஞ்சு வந்துதான் கீழே இருக்கிற குட்டை நிறையுது. கரடு போனா அதுவும் போச்சு.

ஆத்து மணல் அள்ளக் கூடாதுன்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க, நியாயம்தான். அதுக்குப் பதிலா வந்த எம்-சாண்ட் எதை உடைச்சுச் செய்யுறாங்கன்னு யாரும் கேக்கல. உங்க அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வர்ற லாரியில இருக்கிறது எங்க பக்கத்துக் கரடு. வீடு கட்டாதீங்கன்னு சொல்ல நான் யாரு? அரிய உயிரினம் இல்லைன்னு ஒருத்தர் எழுதினா எத்தனை ராத்திரி பார்த்தீங்கன்னு கேளுங்க. நாங்க கேட்டா சிரிக்கிறாங்க. நீங்க இங்கிலீஷ்ல மனு போட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். குத்தகை இன்னும் கையெழுத்தாகல.