எண்ணெய் படிந்த மண்

தன்னைத் தோண்டுவோரையும் சுமக்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமை கூறுதல் தமிழ் மரபு. ஆயினும் அந்நிலம் தன்மேற் சிந்திய பெட்ரோலியத்தை விழுங்கிச் செரித்துவிடும் என நாம் எண்ணுதல் பிழை. 2013ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில், நிலத்தடிக் குழாயினின்று கசிந்த எண்ணெய் மண்ணூடே பரவிக் கிணறுகளிற் கலந்தது. நீர் இறைத்தவர் மூக்கே முதற் பரிசோதனைச் சாலையாயிற்று. 2017 ஜூன் 30ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் வயலிற் பரந்தது.

இத்தகைய இடங்களிற் கறுத்த மண்ணை வாரியெடுத்துப் புதுமண் கொட்டினால் வேலை முடிந்தது என்பார் பலர். அஃது ஏலாது என்பதே நம் துணிபு. இரத்தப் புற்றுநோய் விளைக்கும் பென்சீனுக்கு நிறமில்லை. அதனைக் கண்ணால் அளத்தல் இயலாது. ஆதலின் குழியின் அடியிலும் நாற்புறச் சுவர்களிலும் மண்ணெடுத்துச் சோதித்து, தீங்கில்லை எனத் தெளிந்த பின்னரே குழியை மூடல் வேண்டும். ஒப்புநோக்குதற்கு அயலிலுள்ள தூய நிலத்து மண்ணும் வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் நேர்மை வேண்டும். திறந்த பையில் இட்டு வெயிலில் வைத்த மண்ணினின்று இலேசான பொருள்கள் ஆவியாகி அகலும். பின்னர் நச்சு மண்ணும் நன்மண் எனச் சான்று பெறும். கண்ணாடிக் குப்பியில் இடைவெளியின்றி நிறைத்து, இறுக மூடி, பனிக்கட்டியிற் குளிர்வித்து விரைந்து அனுப்புதலே முறை. தோண்டிய மண்ணையும் வெறுந்தரையிற் குவித்தலாகாது. குவித்தால் முதல் மழையே எண்ணெயை மீண்டும் நிலத்துக்கு ஊட்டும்.

இவை சமவெளிச் செய்திகள். ஜவ்வாது மலைக்கு இவற்றால் ஆவதென்னை எனின், கூறுவோம். மலைப்பாதையில் ஒரு டீசல் லாரி கவிழுமாயின், பாறைமேற் படிந்த மெல்லிய மண் அவ்வெண்ணெயை நெடிது தாங்காது. பாறைப் பிளவுகளின் வழியே அது சுனையை அடையும். சாமை விளையும் சரிவு கெடும். செய்யாறு பிறப்பதும் அம்மலையிலேயே. மேலே கெட்டது மேலேயே நில்லாது.

இவ்வளவு சோதனைக்குப் பொருட்செலவு மிகும் என்பர். மெய்யே. ஆனால் அச்செலவு எண்ணெய் சிந்தியவரைச் சார்ந்தது. செய்யாத சோதனையின் செலவோ உழவனையும் அவன் மக்களையும் சாரும். இலங்கையின் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கிணற்று நீரைச் சோதித்துப் பெற்ற முடிவுகள் ஆங்கு மக்கள் பக்கம் சான்றாய் நின்றன.

ஆகவே மண்ணெடுப்பது ஊரார் முன்னிலையில் நிகழ்க; சோதிப்போர் சிந்தியவரின் ஊதியம் பெறாதவராகுக; முடிவு தமிழில் எழுதப்பெற்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படுக. நிலம் பேசாது. அதன் பொருட்டுப் பேசுதற்குரியது எண்களாலாய இச்சான்று ஒன்றே.