மலர்த் தைலங்களும் நம் ஜாக்கிரதையும்

மலரைத் தலையில் சூடியும் தெய்வத்துக்குச் சாத்தியும் பன்னெடுங்காலமாக அதன் பரிமளத்தோடு வாழ்ந்துவரும் நம் இல்லங்களில், இப்போது அந்தப் பரிமளமே சாரமாக வடிக்கப்பட்டு, லாவெண்டர் என்றும் ரோஜா என்றும் மல்லிகை என்றும் பெயர் தாங்கிய சிறு குப்பிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. சுகந்தம் மனத்துக்கு இதமளிப்பதாகையால் இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் புஷ்பம் சாதுவானது, ஆகவே அதன் தைலமும் சாதுவானதே என்று பலர் கொண்டிருக்கும் நம்பிக்கை அபாயகரமானது.

ஒரு கிலோ ரோஜாத் தைலம் வடிக்கச் சுமார் 3,000 முதல் 4,000 கிலோ வரை பூக்கள் வேண்டும். மல்லிகையின் மென்மையான வாசனையோ நீராவியின் சூட்டைத் தாங்காதாகையால், ஹெக்ஸேன் போன்ற திரவத்தில் அதைக் கரைத்தெடுத்து, மெழுகு நீக்கி, பிறகே சாரமாக்குகிறார்கள். இவ்வளவு செறிவான வஸ்துவை, பூவைக் கையாளும் அலட்சியத்தோடு கையாளுவது எவ்வாறு தகும்?

சருமத்தில் இதை நேராகத் தடவவே கூடாது. பத்து மில்லி தேங்காயெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இரண்டு துளி கலந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதமாகும்; பெரியவர்களுக்கு அதுவே போதுமானது. முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாளேனும் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லையென்று கண்ட பின்னரே மற்ற இடங்களில் பிரயோகிக்க வேண்டும். லாவெண்டரில் மிகுந்துள்ள லினலூல் என்னும் பொருள் காற்றுப் பட்டுப் பட்டு மாறுதலடைந்து ஒவ்வாமையைத் தூண்டுமாதலால், மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைப்பதும், நாட்பட்டதை விலக்குவதும் அவசியம். குளிக்கும் நீரில் சொட்டினால் அது கரையாமல் மிதந்து தோலை எரிக்கும். விளக்குச் சுடருக்கு அருகில் வைத்தால் தீப்பற்றும்.

அறையில் மணம் பரப்புவோர் சன்னலைத் திறந்துவைத்து, அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தை இருக்கும் வீட்டாரும் வைத்தியரைக் கேட்காமல் இவற்றை உபயோகிக்கலாகாது. பூனையின் ஈரலுக்கு இத்தகைய பொருள்கள் சிலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் குறைவென்பதையும் அதை வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடிய அபாயம், குழந்தைகள் இவற்றை விழுங்கிவிடுவதே. நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் நீலகிரித் தைலமுங்கூட, ஒரு தேக்கரண்டியளவு உட்சென்றால் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும். அவ்வேளையில் வாந்தியெடுக்க வைத்தால் தைலம் நுரையீரலுக்குள் புகுந்து பெருந்தீங்கு நேருமாதலால், வாந்திக்கு முயலாமல், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. எந்தத் தாவரம், எம்முறையில் எடுத்தது, எவ்வளவு கலந்து உபயோகிப்பது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது ஆகிய நான்கையும் தெளிவான தமிழில் குப்பியின் மீதே அச்சிடாத தைலத்தை மக்கள் வாங்க மறுக்க வேண்டும். வாங்கியவர்களோ அதை அலங்கார மேஜையிலிருந்து அகற்றி, இன்றே மருந்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களாக.