பிழைக் கொப்பி

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம்மவர் வீடுகளில் ஒரே வினாத்தான் எழுகின்றது: “சித்தியோ, இல்லையோ?” விடை கிடைத்ததும் கொப்பிகள் கட்டப்பட்டுப் பரணில் ஏறிவிடுகின்றன. எங்கே பிழைத்தோம் என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது புண்ணைக் கிளறுவதாகும் என்று எண்ணி வாளாவிருந்து விடுகின்றோம். அவ்வாறு கேளாதிருப்பதால் விளையும் நட்டம் எத்தகையது என்பதை, நட்டத்தை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட ஒரு பரீட்சையைக் கொண்டு இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

என் தங்கையின் மகன் கணிதத்தில் வல்லவன். பட்டம் பெற்றுக் கொழும்பிலே ஒரு நிதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கின்றான். ‘நிதி இடர் முகாமையாளர்’ என்னும் சான்றிதழைப் பெறவேண்டுமென்று அவனுக்கு ஓர் ஆசை. எஃப்.ஆர்.எம். என்று சுருக்கமாக வழங்கும் இச்சான்றிதழை அளிப்பது, ‘கார்ப்’ என்று பெயர் பூண்ட இடர்த்துறையினரின் உலகச் சங்கம். அமெரிக்காவில் தலைமையிடம் கொண்ட அச்சங்கம் 1996 ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டிலேயே பரீட்சையையும் தொடங்கிவிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் கொடுக்கும் கடனாலும், சந்தை விலை மாற்றத்தாலும், உள்ளிருப்போரின் தவறுகளாலும், கைக்காசு முட்டுப்படுவதாலும் அடையக்கூடிய நட்டத்தை முன்னரே அளந்து அடக்கிவைக்கும் கலையே இதன் பொருள்.

பரீட்சை இரு பகுதிகளைக் கொண்டது. முதற் பகுதியில் 100 வினாக்கள். இரண்டாம் பகுதியில் 80 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம். தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். முதற் பகுதியிலே இடர் முகாமைத்துவத்தின் அடிப்படைகளுக்கு நூற்றுக்கு 20 வீதமும், கணிய ஆய்வுக்கு 20 வீதமும், நிதிச் சந்தைகளுக்கு 30 வீதமும், மதிப்பீட்டுக்கும் இடர் அளவைகளுக்கும் 30 வீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன.

பரீட்சைக் கட்டணத்தை அமெரிக்க டொலரில் செலுத்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவாக இருந்தது. “அடுத்த தடவை பார்ப்போம்” என்று மருமகன் தாமதித்தான். மார்ச்சு மாதத்தில் ரூபா சரியத் தொடங்கி, மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டிவிட்டது. பின்னர் அவன் விண்ணப்பித்தபோது, அந்த வித்தியாசத்தை ஈடுசெய்யத் தங்கை தன் காப்பு ஒன்றை அடகு வைத்தாள். நாணயமாற்று இடர் என்பதை அவன் புத்தகத்திற் படிப்பதற்கு முன்னர், தாயின் வெறுங்கையிலே படித்துவிட்டான்.

அப்படி எழுதிய பரீட்சையில் அவன் சித்தியடையவில்லை.

“அண்ணை, இவன் படிக்கவில்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இராப்பகலாகப் படித்தான். இனி இது வேண்டாமென்று நீங்களே சொல்லுங்கள்” என்றாள் தங்கை. மருமகனோ தலை நிமிரவில்லை. பெறுபேற்றுத் தாளை வாங்கிப் பார்த்தேன். இப்பரீட்சையிலே புள்ளிகள் இத்தனை என்று சொல்வதில்லை. சித்தி அல்லது தவறு என்பதோடு, ஒவ்வொரு பிரிவிலும் ஏனையோருடன் ஒப்பிட்டு நீர் நான்கு கால்வாசிகளுள் எதில் நிற்கின்றீர் என்பதை மாத்திரம் காட்டுவர். கணிய ஆய்வில் அவன் முதற் கால்வாசி. அடிப்படைகளிலும் இடர் அளவைகளிலும் கடைசிக் கால்வாசி!

“தம்பி, அடிப்படைகளை எப்படிப் படித்தாய்?” என்று கேட்டேன்.

“அது வெறுங் கதைகள் மாமா. கவிழ்ந்துபோன வங்கிகளின் கதைகள். கணக்கு இல்லாதபடியால் மேலோட்டமாகப் பார்த்தேன்.”

“பயிற்சி வினாக்களிற் பிழைத்தவற்றை என்ன செய்தாய்?”

சற்று நேரம் பேசாதிருந்தான். “விடையைப் பார்த்தவுடன் விளங்கிவிடும். கவனக் குறைவு என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.”

அவன் தள்ளிவைத்த கதைகளுள் ஒன்று பேரிங்ஸ் வங்கியின் கதை. 1762 ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய பழம்பெரும் வங்கி அது. அதன் சிங்கப்பூர்க் கிளையிலே நிக் லீசன் என்னும் இளைஞர், கொள்வனவு விற்பனையையும் செய்தார். அவற்றைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் பகுதியையும் அவரே நடத்தினார். பிழையாகப் பதிந்த வியாபாரங்களை இடுவதற்கென 88888 என்ற இலக்கத்தில் ஒரு பிழைக் கணக்கு 1992 இல் திறக்கப்பட்டது. நாளடைவில், தம்முடைய நட்டங்களையெல்லாம் அவர் அதற்குள்ளே மறைத்துவந்தார். இலண்டனுக்குக் காட்டிய ஏடுகளில் இலாபமே தெரிந்தது. ஜப்பானியப் பங்குச் சந்தை பெரிதும் அசையாது என்ற நம்பிக்கையில் அவர் துணிந்திருந்த வேளை, 1995 சனவரி 17 ஆம் தேதி கோபே நகரிலே பூகம்பம் நிகழ்ந்தது. சந்தை வீழ்ந்தது. இழந்ததை மீட்க மேலும் மேலும் வாங்கினார். பெப்ரவரி முடிவதற்குள் 82 கோடியே 70 இலட்சம் பவுண் நட்டத்துடன் அவ்வங்கி சரிந்தது. ஐ.என்.ஜி. என்னும் ஒல்லாந்து நிறுவனம் அதனை ஒரு பவுணுக்கு வாங்கிற்று.

பூகம்பம் வங்கியைக் கவிழ்த்தது என்று சொல்வது எளிது. ஆயினும், பிழையைச் செய்தவரே பிழையைப் பார்ப்பவராகவும் இருந்ததும், பார்த்ததை மறைக்க ஓர் இடம் கிடைத்ததுமே அந்த வீழ்ச்சிக்கு வழிவகுத்தன.

இதைச் சொல்லி முடித்ததும் மருமகனைப் பார்த்தேன். “நானும் ஒரு 88888 வைத்திருந்திருக்கிறேன், மாமா” என்றான். அவனாகவே சொன்ன சொல் அது.

மறுநாள் ஒரு நாற்பது தாட் கொப்பி வாங்கினான். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல்கள் வரைந்தான். முதல் நிரலில், பிழைத்த வினா. இரண்டாவதில், பிழைத்த காரணம். மூன்றாவதில், இனி நினைவிற் கொள்ளவேண்டியது. ‘கவனக் குறைவு’ என்ற சொல்லை மட்டும் எழுதலாகாது என்பது நான் இட்ட விதி. அறியாமையா, வினாவைச் சரியாக வாசியாமையா, சூத்திரம் தெரிந்தும் அது எப்பொழுது பொருந்தும் என்று தெரியாமையா என்று பிரித்தெழுத வேண்டும்.

அக்கொப்பியின் ஒரு பக்கத்தை இங்கே காட்டுகிறேன். ஒரு கோடி ரூபா பெறுமதியுள்ள முதலீடு. அதன் நாளாந்த ஏற்ற இறக்கத்தின் நியம விலகல் நூற்றுக்கு ஒரு வீதம். ஒரு நாளில் நேரக்கூடிய நட்டத்தை, 100 நாட்களில் 99 நாட்களுக்குப் பொருந்துமாறு அளவிட வேண்டும். ஒரு கோடியில் ஒரு வீதம் ஓர் இலட்சம். அதனை 2.33 ஆற் பெருக்கினால் 2 இலட்சத்து 33 ஆயிரம் ரூபா. இதனை ‘இடருக்குள்ளான பெறுமதி’ என்பர். பத்து நாட்களுக்கு எவ்வளவு என்பது அடுத்த வினா. மருமகன் பத்தாற் பெருக்கியிருந்தான். பத்தின் வர்க்கமூலமாகிய 3.16 ஆற் பெருக்கி, ஏறக்குறைய 7 இலட்சத்து 37 ஆயிரம் என்று விடை காணல் வேண்டும். ஒரு நாளின் நட்டத்தை மற்றொரு நாளின் இலாபம் ஓரளவு ஈடுசெய்யக்கூடும் என்பதே இதற்குக் காரணம். ‘ஒரு நாளின் போக்கு மறுநாளைப் பாதியாது என்று கொண்டால் மாத்திரமே இது பொருந்தும், பீதி பரவும் காலத்திற் பொருந்தாது’ என்று மூன்றாம் நிரலில் அவன் எழுதியிருந்தான். சூத்திரத்தை மனனம் செய்தவனுக்கும் விளங்கிக்கொண்டவனுக்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு வரியிலே தெரிந்தது.

அந்த 99 நாட்களைப் பற்றிப் பேசும் அளவை, எஞ்சிய ஒரு நாளில் நட்டம் எவ்வளவாகும் என்று சொல்வதில்லை. இக்குறையை உணர்ந்தே, பாசல் நகரை இருப்பிடமாகக் கொண்ட வங்கி மேற்பார்வைக் குழு, 2016 இல் வெளியிட்ட சந்தை இடர் விதிகளில், அந்த மிகத் தீய நாட்களின் நட்டங்களைச் சராசரியாக்கிப் பார்க்கும் வேறோர் அளவைக்கு மாறியது. மாணவனுக்கும் இது பொருந்தும். நன்றாகச் செய்த பாடங்களின் புள்ளியைப் பார்த்து மகிழ்வது 99 நாட்களைப் பார்ப்பது. பிழைக் கொப்பியைத் திறப்பதோ அந்த நூறாவது நாளைப் பார்ப்பது.

தங்கைக்கும் ஓர் ஐயம் இருந்தது. “இதைப் படித்தவர்கள் இருந்தால் நட்டமே வராதோ?” என்றாள். வரும். 2022 ஏப்பிரில் 12 ஆம் தேதி நம் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியதையும், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாம் வரிசையில் நின்றதையும் நினைவூட்டினேன். வேண்டிய நேரத்தில் வேண்டிய நாணயம் கையில் இல்லாமற்போவது திரவத்தன்மை இடர். கணக்குத் தெரிந்தவர்கள் அப்பொழுதும் இல்லாமலில்லை. அறிந்ததைக் காலத்தோடு சொல்லுதலும், சொன்னதைச் செவிகொடுத்துக் கேட்டலும் வேண்டும். தன் பிழையைத் தானே எழுதப் பழகாதவன், பிறர் பிழையை மேலதிகாரிக்கு எடுத்துரைக்க எங்ஙனம் துணிவான்?

இப்பரீட்சையை எண்ணியிருக்கும் மாணவர்க்குச் சில சொற்கள். எழுதுவதற்குப் பட்டம் வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. ஆயினும், இரு பகுதிகளிலும் சித்தியடைந்த பின், இத்துறை சார்ந்த வேலையில் இரண்டாண்டு முழுநேர அனுபவத்தைக் காட்டினாலன்றிச் சான்றிதழ் கிட்டாது. முதற் பகுதியில் சித்தியடைந்தோர் நான்காண்டுகளுக்குள் இரண்டாம் பகுதியை முடித்தல் வேண்டும். வாரத்துக்கு 12 மணியாக 20 வாரம் படித்தால் 240 மணி; வேலை பார்ப்போர் இதற்குக் குறைத்து எண்ணுதல் தகாது. கடைசி நான்கு வாரங்களிலேனும் முழு வினாத்தாளை நான்கு மணி நேரம் எழுந்திராமற் செய்து பழகுக. முதற் பகுதியில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 2 நிமிடமும் 24 விநாடியுமே. பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஆகவே எதனையும் வெறுமையாக விடாதீர். அனுமதிக்கப்பட்ட கணிகருவிகள் ஒரு சிலவே. அவற்றுள் ஒன்றை முதல் நாளே வாங்கி, விரல்களைப் பழக்கிக்கொள்ளுக.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வேன். முதற் பகுதியை எழுதுவோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒவ்வொரு தடவையும் தவறுகின்றனர். சான்றிதழ் வேலைக்கு உதவும். வேலையைக் கையிற் கொண்டுவந்து தராது. ஒரு தடவை தவறினாலும் குடும்பம் தாங்கக்கூடிய செலவா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். இடர் முகாமைத்துவத்தின் முதற் பாடத்தை வீட்டிலேயே நடத்தியவராவீர்கள். தவறி வந்த பிள்ளையிடம் “ஏன் தவறினாய்?” என்று சினந்து கேளாமல், “எங்கே தவறியது, காட்டு” என்று அருகிலிருந்து கேளுங்கள்.

மருமகன் மறுமுறை முதற் பகுதியில் சித்தியடைந்தான். காப்பும் மீண்டு தங்கையின் கைக்கு வந்துவிட்டது. சென்ற கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரண்டாம் பகுதிக்கான நூல்கள் மேசைமீது அடுக்கியிருந்தன. பழைய பிழைக் கொப்பி முடிந்துவிட்டது. புதிய கொப்பி ஒன்று திறந்து கிடந்தது. முதற் பக்கத்தில் அன்றைய தேதியும், அன்று பிழைத்த மூன்று வினாக்களும் எழுதப்பட்டிருந்தன.