ஊசி போக வேண்டிய இடத்தில் உறை எதற்கு?

கார் ஆசனத்தில் நகக்கண் அளவு கிழிசல் விழுந்தால் அதனைச் சீர்செய்ய ஆள் தேடுகின்ற வழக்கம் நமது கரையோர ஊர்களில் அருகி வருகின்றது. நிந்தவூரிலும் காரைதீவிலும் கல்முனையிலும் வாகனம் வைத்திருப்போரிடம் விசாரித்துப் பாருங்கள். "முழுசா கவர் போட்டுட்டம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கின்ற விடை. இந்த விடையை நான் மூன்று காரணங்களுக்காக எதிர்க்கின்றேன். அது பணத்துக்குக் கேடு, ஆசனத்துக்குக் கேடு, சில வாகனங்களில் உயிருக்கே கேடு.

பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில் திறந்தபோது, அதன் வாசலில் வரி மலைபோல் நின்றது. ஆகவே நம்மிற் பெரும்பாலானோர் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களையே இன்னும் ஓட்டுகின்றோம். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகின்றோம், டயருக்குக் காற்றுப் பார்க்கின்றோம். ஆசனம் கிழிந்தால் மாத்திரம் மருத்துவம் பாராது போர்வை போர்த்தி மூடிவிடுகின்றோம். இது என்ன நியாயம்?

நாம் 'லெதர் சீட்' என்று பெருமையோடு சொல்வதில் எவ்வளவு தோல் இருக்கின்றது என்பதையும் கேட்டாக வேண்டும். தோல் ஆசனம் என்று விற்கப்படும் பல கார்களில் உடல் படுகின்ற முகப்பு மாத்திரமே தோல். பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சின். மேலதிக உறைகளோ பெரும்பாலும் முற்றுமுழுதாகச் செயற்கைப் பொருள். வெட்டிய ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தோலின் அடிப்புறம் நார்நாராய் இருக்கும்; ரெக்சினின் அடியில் நெய்த துணி தெரியும். இத்தாலி 2020 இல் சட்டமியற்றி, விலங்கின் தோலல்லாத பொருளைத் தோல் என்று பெயரிட்டு விற்பதைத் தடுத்தது. நம்மிடமும் நுகர்வோரை ஏய்க்கும் வியாபாரத்துக்கு எதிராக 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் இருக்கின்றது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கிழிசல் ஏன் வருகின்றது? கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கடும் வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்ற கார்களின் ஆசனங்கள் சராசரியாக 50 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருந்தன. அந்தச் சூட்டில் தோல் ஈரப்பதத்தை இழந்து விறைக்கின்றது. ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானம் மெல்ல வெளியேறி, அது வெடிக்கின்றது. பொலியூரித்தேன் வகையென்றால் கடலோர ஈரக்காற்றே அதனைச் சிதைத்துச் செதில் செதிலாக உரிக்கும். இவ்வாறு பலமிழந்த இடத்தில், சாரதி ஒவ்வொரு தடவையும் உரசி இறங்குகின்ற அந்தப் பக்கத்து மேட்டில், காற்சட்டைப் பையிலுள்ள திறப்போ சாரனுக்கு மேல் கட்டும் அகன்ற பெல்ட்டின் கொக்கியோ பட்டால் போதும்.

சிறு கிழிசலுக்கு வைத்தியம் கடினமானதன்று. தையல் வழியே பிரிந்திருந்தால், வளைந்த ஊசியால் பழைய துளைகளிலேயே பொலியஸ்டர் நூலைக் கோத்து இழுக்கலாம். நடுவில் கிழிந்திருந்தால் தைக்கவே கூடாது. தபால் முத்திரையின் ஓரத்துளைகள் எதற்காக இடப்படுகின்றன? இலகுவாகக் கிழிவதற்காக. ஊசித் துளைகளும் அதே வேலையைத்தான் செய்யும். கிழிசலைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் பெரிதான துணித்துண்டை, மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலின் ஊடே உட்செலுத்தி விரிக்க வேண்டும். வளைந்து கொடுக்கும் பசையால் இரு ஓரங்களையும் அதன்மேல் ஒட்டி அழுத்திக் காயவிட்டு, இளக்கமான நிரப்பியை மெல்லியதாகத் தடவி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, நிறமும் மேற்பூச்சும் இடவேண்டும். சுப்பர் குளூ வேண்டாம். அது கல்லாய் இறுகி, பக்கத்தில் புதிய வெடிப்பை உண்டாக்கும். செலோடேப் ஒட்டுவது வைத்தியமல்ல, வெட்கத்தை மறைப்பது.

இனி உயிர்க்கேடு. பல கார்களில் முன் ஆசனங்களின் வெளிப்பக்கத்துக்குள் காற்றுப்பை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. ஆசனத்தின் ஓரத்தில் 'எயார்பேக்' என்ற சிறு அடையாளம் இருந்தால் அது அதுவே. பக்கவாட்டில் மோதல் நிகழ்ந்ததும் ஏறத்தாழ ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அப்பை ஆசனத்தின் தையலைப் பிளந்துகொண்டு விரிந்தாக வேண்டும். பிளப்பதற்கென்றே அத்தையல் வடிவமைக்கப்பட்டுள்ளது. அதன்மேல் தடித்த உறையொன்றை இறுக்கிக் கட்டினால், அல்லது அந்தத் தையலையே தடித்த நூலால் பலப்படுத்தினால், பை விரியத் தாமதிக்கலாம். தவறான திசையிலும் விரியலாம். அவ்விடத்தை மறைக்க வேண்டாமென்று வாகனக் கைநூல்களே எச்சரிக்கின்றன. பொத்துவில் தொடங்கி மட்டக்களப்பு வரை பிரதான வீதியில் பஸ்களும் உழவு இயந்திரங்களும் குறுக்கு ஒழுங்கைகளிலிருந்து பாயும் மோட்டார் சைக்கிள்களும் செல்கின்ற நிலையில், பக்கவாட்டு மோதல் என்பது வெறும் கற்பனையா?

சென்ற வருடம் எனது காரின் சாரதி ஆசனத்தில் இரண்டு அங்குலக் கிழிசலைக் காட்டியபோது, கடைக்காரர் ஒருவர் ஐந்து ஆசனங்களுக்கும் உறை என்று அளவெடுக்கத் தொடங்கினார். காற்றுப்பையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் வேலை செய்யாது சேர்" என்றார். அவர் கெட்டவரல்லர். ஒட்டும் வேலைக்கு யாரும் கூலி தரமாட்டார்கள் என்று நாமே அவருக்குக் கற்றுக்கொடுத்துள்ளோம். இரண்டு மணித்தியால நுண்வேலைக்கு ஐந்நூறு ரூபாவைக் கூட்டிக் கேட்டால் முகஞ்சுளிக்கின்ற நாம், இறக்குமதி உறைக்குப் பல மடங்கு கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகின்றோம். உறை விற்பவரும் பிழைக்க வேண்டாமா என்று கேட்போருக்கு என் பதில் இதுதான்: உறைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கடல்கடந்து போகின்றது, பழுதுபார்க்கும் கூலி முழுவதும் ஊருக்குள்ளேயே நிற்கின்றது. மருதமுனையின் நெசவாளர் கைகளைப் போற்றிக் கட்டுரை எழுதுகின்ற நாம், குஷன் தொழிலாளியின் கைகளை மாத்திரம் ஏன் மறந்தோம்?

வருமுன் காப்பது இன்னும் மலிவு. நிழலில் நிறுத்துங்கள், நிழலில்லையேல் முன்கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். கடற்கரை மணலை முதலில் தூரிகையால் தட்டி அகற்றி, பின்னர் ஈரத்துணியால் துடையுங்கள். உறைக்கு அடியில் சிக்கும் மணல் அரத்தாளாக மாறும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் பூசுவது நம்மவர் பழக்கம். அது தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கெடுத்து நாறும். தின்னரும் பெற்றோலும் மேற்பூச்சையே கரைத்துவிடும். முடிவெட்டு மயிரளவு வெடிப்புக் கண்ட அன்றே அதனைக் கவனித்தால் அங்குலக் கிழிசலுக்கு இடமில்லை.

வீண்விரயம் கூடாதென்று பள்ளிவாசலில் கேட்கின்றோம். வெளியே வந்து காரின் கதவைத் திறந்ததும் மறந்துவிடுகின்றோம். அடுத்த தடவை உறைக்கு அளவெடுக்க வருபவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த ஒரு கிழிசலை மாத்திரம் ஒட்டித்தர என்ன கூலி? இந்த உறைக்குள்ளிருந்து காற்றுப்பை எவ்வழியாக வெளியே வரும்? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையெனில் பணப்பையைத் திறக்காதீர்கள்.