அஞ்சலியாம் அஞ்சலி!

வருஷக் கடைசி வந்துவிட்டால் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேலை சுலபமாகிவிடுகிறது. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை போய்ச் சேர்ந்த பாடகர்களின் படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி, குயில் என்றோ கானம் என்றோ ஒரு தலைப்பைப் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடலாம். ஊர் மெல்லிசைக் குழுக்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு மண்டபம், நாலு ஒலிபெருக்கி, வாசலில் ஒரு பெரிய தட்டி. தட்டியில் செத்தவர் படம் உள்ளங்கை அகலம்; தலைமை தாங்குபவர் படம் ஆள் உயரம். அஞ்சலி ஆகிவிட்டது! எனக்கு இந்த இரண்டுமே பிடிக்கவில்லை. "செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார்கள், அதிலென்னய்யா உமக்குக் கஷ்டம்?" என்று கேட்பீர்கள். அந்த நாலு வார்த்தையும் பொய்யாக இருப்பதுதான் கஷ்டம்.

2025-ஆம் வருஷக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 9-ஆம் தேதி திருச்சூரில் பி. ஜெயச்சந்திரன் காலமானார்; வயது எண்பது. ஜூன் 14-ஆம் தேதி கொல்லங்குடி கருப்பாயி; தொண்ணூற்றொன்பது. அக்டோபர் 23-ஆம் தேதி சபேஷ். மூன்று பேரும் நம் காதில் குடியிருந்தவர்கள். மூன்று பேரையும் நாம் எப்படி வழியனுப்பி வைத்தோம்?

ஜெயச்சந்திரனா? 'வைதேகி காத்திருந்தாள்' படத்துப் பாட்டு! யானைக் கூட்டம் காட்டை விட்டு வந்து கொட்டகைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் கதை! கதை அழகான கதைதான்; நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடிய ஒரு மனிதரை 1984-ல் வந்த ஒரே பாட்டுக்குள் போட்டு மூடிவிடலாமா? அவர் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, 1958-ல், கேரள மாநிலப் பள்ளி இளைஞர் விழாவில் மிருதங்கத்துக்கு முதல் பரிசு வாங்கினார். அதே விழாவில் பாட்டுக்குப் பரிசு வாங்கிய பையன் ஜேசுதாஸ். இது தெரிந்த பிறகு ஜெயச்சந்திரனைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சொல்லை எந்த இடத்தில் பிடிக்கிறார், எந்த இடத்தில் விடுகிறார், தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் தங்கி எப்படி வந்து சேருகிறார் என்பதெல்லாம் வேறு மாதிரி விளங்கும். பாடகர் தொண்டைக்குள்ளே ஒரு மிருதங்கக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நான் படித்த தமிழ் அஞ்சலி ஒன்றிலும் மிருதங்கம் என்ற சொல்லே வரவில்லை. யானைதான் வந்தது.

கருப்பாயியின் கதை இன்னும் மோசம். 'ஆண்பாவம் பாட்டி மரணம்.' அவ்வளவுதான். அந்தப் படம் வந்தது 1985-ல். அதற்கு முன்னாலேயே வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிய பெண்மணி அவர். 1993-ல் கலைமாமணிப் பட்டம் பெற்றவர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வாழ்ந்த ஒருத்தியின் பாட்டெல்லாம் போய், ஒரு சினிமாவில் போட்ட வேஷம்தான் மிச்சம்! சபேஷ் போனபோது செய்தி, 'தேவாவின் தம்பி காலமானார்.' தம்பிதான், யார் இல்லையென்றார்கள்? சகோதரர் முரளியோடு சேர்ந்து 2004-ல் 'ஆட்டோகிராப்' படத்துக்குப் பின்னணி இசை அமைத்தவர், 2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'க்கு ராஜா காலத்து மெட்டுப் போட்டவர் என்பதெல்லாம் நாலாவது பத்தியில். நாலாவது பத்தி வரை எவன் படிக்கிறான்?

இவர்களாவது பட்டியலில் வந்தார்கள். பட்டியலுக்கே வராதவர்கள் இருக்கிறார்கள். என் சண்டை முக்கியமாக அவர்களுக்காகத்தான். 2020 செப்டம்பரில் எஸ். பி. பாலசுப்பிரமணியம் போனபோது நாடே அழுதது. நியாயமான அழுகை. அதே வருஷம் மே மாதத்தில் புருஷோத்தமன் போனார். இளையராஜாவின் எத்தனையோ பாட்டுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தத் தாளத்துக்கு மேஜையில் விரலைத் தட்டாத தமிழன் இருக்கமாட்டான். தட்டியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

நான் இருப்பது விருத்தாசலத்தில். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. கார்த்திகை நெருங்கினால் அகல்விளக்குச் செய்கிற கொட்டகைகளில் நிற்க இடமிருக்காது. பலகை பலகையாக அடுக்கிச் சூளைக்கு அனுப்புவார்கள். லாரி ஏறி எந்தெந்த ஊருக்கோ போகும். வேலை நடக்கிற நேரமெல்லாம் ஒரு செல்போன் பாடிக்கொண்டே இருக்கும். போன கார்த்திகைக்கு முன்னால் ஒருநாள், விளக்கு அடுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம், "இந்தப் பாட்டுல புல்லாங்குழல் ஊதறது யாருன்னு தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"பாடறவரு பேரு தெரியும் சார். ஊதறவரு பேர எங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "நாங்க பண்ற வெளக்குல மட்டும் எங்க பேரா போட்டிருக்கு? எரிஞ்சா சரி" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லலாம். அது அவள் பெருந்தன்மை. ஆனால் இதே வசனத்தைச் சங்கீத ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், "கலைஞனுக்குப் பெயரா முக்கியம்? கலைதானே!" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போதுதான் எனக்கு எரிகிறது. பெயர் வெறும் பெருமைக்காக அல்ல, ஐயா! 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடுகிறவர், வாசிக்கிறவர் போன்ற நிகழ்த்துகிறவர்களுக்கு, தங்கள் நிகழ்ச்சியை வைத்துப் பிறர் சம்பாதிக்கும்போது ராயல்டி உண்டு என்று அது சொல்கிறது. அந்த உரிமை ஐம்பது வருஷம் நிற்கும். ஆள் போனாலும் பெண்டாட்டி பிள்ளைக்கு ஆகும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் அதே சட்டம் நிகழ்த்துகிறவர் யார் என்று விளக்குகிற இடத்தில் ஒரு முடிச்சும் போட்டிருக்கிறது. சினிமாவில் ஒருவர் பங்கு சில்லறையானது, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் காட்டப்படுவதில்லை என்றால், அவர் 'நிகழ்த்துகிறவர்' கணக்கிலேயே சேரமாட்டார். தன் வேலையைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கலாம். அந்த ஒன்றைத் தவிர மற்ற உரிமை கிடையாது. ஆக, பெயரைப் போடாமல் விடுவது மறதி இல்லை. அன்றைக்குக் கொடுத்த கூலியோடு கணக்கை முடிக்க அது வழி. எது சில்லறை என்று தீர்மானிக்கப் போகிறவர் பிடில்காரரா, படம் எடுத்தவரா?

அசாமைப் பாருங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். 2025 செப்டம்பர் 19-ஆம் தேதி ஜுபீன் கார்க் சிங்கப்பூர்க் கடலில் நீந்தப் போய் மாண்டார். கௌஹாத்தி வீதிகள் கொள்ளாத ஜனம். அரசு மரியாதையோடு தகனம். "நாமும் அப்படிச் செய்கிறோமா?" என்றார். கூட்டம் நமக்குப் புதிதா, என்ன? கூட்டம் சேர்ப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. கூட்டம் கலைந்த மறுநாள்தான் எனக்குக் கவலை.

எங்கள் ஊரிலும் ஓர் அஞ்சலிக் கச்சேரி நடந்தது. ஜெயச்சந்திரன் பாட்டுக்களை நன்றாகவே பாடினார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழுவிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் தபேலாவும் பிறகு ரிதம் பேடும் வாசித்து, கல்யாணம், கோவில் திருவிழா என்று சுற்றுவட்டாரமெல்லாம் போய் வந்த ஒருவர் அந்த வருஷம்தான் இறந்திருந்தார். மேடையில் அவர் பெயரைச் சொல்லவே இல்லை. கச்சேரி முடிந்ததும் நடத்தியவரிடம் கேட்டேன். "அவரு நம்ம ஆளுங்க சார், அவருக்கு எதுக்குத் தனியா?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. இறந்தவர் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பியவர்தான். அவருக்குக்கூடத் தோன்றவில்லை.

இப்போது மாசி மகத்துக்கு இன்னொரு கச்சேரி போடப் போகிறார்களாம். நன்கொடைப் புத்தகத்தோடு போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். நோட்டீசு அச்சாகட்டும், அதில் வாத்தியக்காரர்கள் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். "எடம் பத்தாது சார்" என்றார்கள். தலைமை தாங்குபவர் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.