ஒரே வாசலை நம்பிக் கிடக்க வேண்டாம், தோழர்களே!

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் தோழர்களே! பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் அத்தனை பேரும் கேளுங்கள்!

நட்பு நாடு என்று நாம் நம்பிய அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்குக்கு 25% வரி போட்டது. இருபதே நாளில் அதை 50% ஆக்கியது. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த கூடுதல் வரிகள் தனி.

"நம்ம ஏரி இறால் அமெரிக்காவுக்கே போறதில்லையே" என்கிறார்கள் சிலர். கடலில் பிடித்த இந்திய இறாலுக்கு அங்கே பல ஆண்டுகளாகத் தடை இருப்பது உண்மைதான். ஆமை தப்பிக்கும் கருவி இழுவலையில் இல்லை என்பது காரணம். ஆனால் 2024-25இல் இந்தியா விற்ற ஏறக்குறைய 7.4 லட்சம் டன் உறைந்த இறாலில் 3.1 லட்சம் டன் அந்த ஒரு நாட்டுக்கே போனது. பெரும்பகுதி பண்ணையில் வளர்க்கும் வன்னாமி இறால். அது தேங்கி உள்ளூரில் கொட்டினால் நம் வெள்ளை இறாலுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

அந்த வரி ஒருநாள் குறையும், மறுநாள் ஏறும். ஆகவே வேறு நாடுகளைத் தேடுவது இப்போதே நடக்க வேண்டும். பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. அதன்படி இறாலுக்கு அங்கே வரியில்லை. ஜப்பான் இருக்கிறது, ஐரோப்பா இருக்கிறது. உயிர் நண்டுக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் இருக்கின்றன. 1613இல் டச்சுக்காரர் இங்கே கோட்டை கட்டும் முன்பே, நம் கரைத் துணி மலாக்காவரை போன ஊர் இது!

ஆனால் எந்தப் படகு, எங்கே, எப்போது பிடித்தது என்ற சான்று இல்லாத கடல்மீனை ஐரோப்பா ஏற்காது. பிடித்த கையோடு ஐஸ் வேண்டும், எடை பதிவாக வேண்டும். இதைவிடப் பெரிய தடை நம் வீட்டுக்குள் இருக்கிறது: முன்பணம். வலைக்கும் படகுக்கும் கடன் தந்த வியாபாரி சொல்வதே விலை என்றால், உலகமே வாங்க வந்தாலும் நமக்கென்ன? ஏரியில் வலை போடும் இடத்தைப் 'பாடு' என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த நமக்கு, சேர்ந்து விற்கவா தெரியாது?

இந்த வாரமே ஊர்க்கூட்டம் போடுங்கள். கடன் கணக்கோடு வாருங்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் அழையுங்கள். ஐஸ் கிடங்கும், பிடிப்புப் பதிவும், கூட்டுறவுச் சங்கத்தில் வட்டி குறைந்த கடனும் கேட்டு மீன்வளத் துறைக்கும் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்துக்கும் எல்லாக் குப்பமும் ஒரே மனுவில் கையெழுத்திடுவோம்!